குரூப் இருமலுக்குக் கழுத்து எக்ஸ்ரே: படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். மனைவியும் 20 மாத மகனும் கீழக்கரையில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சளி. மூன்றாம் நாள் நள்ளிரவில் நாய் குரைப்பது போன்ற இருமலும், மூச்சை இழுக்கும்போது கரகரவென்ற ஒலியும் வந்தன. காலையில் ஒரு கிளினிக்கில் கழுத்து எக்ஸ்ரே எடுத்து, 'குரல் நாண்களுக்குக் கீழே மூச்சுக்குழாய் சுருங்கியுள்ளது, குரூப்பாக இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். மாலையில் பார்த்த குழந்தை மருத்துவர் அந்தப் படத்தைக் கையில் வாங்கவே இல்லை. ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். யார் செய்தது சரி? எக்ஸ்ரேயால் குரூப்பை உறுதி செய்ய முடியுமா? மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டுமா? இரவில் மனைவி செல்போனில் எடுத்த பதிவையும் படத்தையும் அனுப்பியுள்ளேன்.

பதில்:

தம்பி, படத்தைக் கையில் வாங்காத டாக்டர் செய்ததுதான் சரி. எக்ஸ்ரே படங்களைப் படித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. இருந்தும் சாதாரண குரூப்புக்குப் படம் தேவையில்லை என்பதே என் கட்சி. படம் எடுத்த கிளினிக்கையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். இரவெல்லாம் பயந்துபோய்க் காலையில் வந்து நிற்கும் பெற்றோர், 'ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாமே' என்று பல நேரம் தாங்களே கேட்கிறார்கள். கையில் ஃபிலிம் கவர் இருந்தால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி நம் ஊரில் பலருக்கு.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் மற்றவை எளிது. குரூப் என்பது சிறு பிள்ளைகளின் மூச்சுப் பாதை வீங்கும் நோய்; வைரஸால் வருவது. பாராஇன்ஃபுளூயென்சா என்ற வைரஸ், அதிலும் அதன் முதல் வகை, முக்கியக் காரணம். பெரும்பாலும் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரும். இரண்டாம் வயதில் மிகுதி. ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதல். மூக்கொழுகலில் தொடங்கும் கிருமி கீழே இறங்கி, குரல் நாண்களுக்கு அடியில் உள்ள சவ்வை வீங்க வைக்கிறது. அந்த இடத்தில் வீங்குவதுதான் வில்லங்கம். மூச்சுக்குழாயின் மற்ற குருத்தெலும்பு வளையங்கள் பின்புறம் திறந்தவை. குரல் நாண்களுக்குக் கீழே இருக்கும் கிரிக்காய்டு குருத்தெலும்பு மட்டும் முழு வளையம். வெளிப்பக்கம் விரிய வழியில்லாததால் வீக்கம் உள்பக்கமாகவே வரும். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் காற்றுப் போகும் பரப்பு கால் பங்காகக் குறைந்துவிடும். காற்றுக்கு உண்டாகும் தடை, கணக்குப்படி, 16 மடங்கு. அதே வீக்கம் உங்களுக்கோ எனக்கோ வந்தால் தொண்டை கம்முவதோடு போய்விடும்.

இந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கும்போது எழும் ஒலியைத்தான் ஸ்ட்ரைடர் என்கிறோம். மூச்சை உள்ளே இழுக்கும்போது கேட்கும். ஆஸ்துமா போன்றவற்றின் வீசிங் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும். குரைக்கும் இருமல், குரல் கம்மல், ஸ்ட்ரைடர் ஆகிய மூன்றும் ஒன்றிரண்டு நாள் சளிக்குப் பின் இரவில் திடீரென வந்தால், ஒரு குழந்தை மருத்துவருக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையும் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய இரண்டில், செல்போன் பதிவுதான் எனக்கு உதவியது. இருமல் ஒலி ஓங்கிக் கேட்கிறது. இரண்டு இருமலுக்கு நடுவே உள்மூச்சின் கரகரப்பும் தெளிவாக இருக்கிறது. பிள்ளையின் உம்மா 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று தட்டிக் கொடுக்கும் சத்தமும் கூடவே. குரூப்பின் ஒரு குணம், பகலில் ஒளிந்துகொள்வது. இரவில் வீட்டையே எழுப்பிய பிள்ளை, காலையில் டாக்டர் மேசையில் இருக்கும் டார்ச்சைப் பிடுங்கி விளையாடும். அப்போது இந்தப் பதிவைப் போட்டுக் காட்டினால் போதும். பதிவு எடுக்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சும் விலா இடுக்குகளும் உள்வாங்குவது தெரியும்படி எடுத்தால் இன்னும் நல்லது.

இனி உங்கள் படம். ஃபிலிமை ஜன்னலில் பிடித்து எடுத்திருக்கிறார்கள். ஜன்னல் கம்பிகளில் ஒன்று சரியாகக் கழுத்தின் குறுக்கே ஓடுகிறது. பிள்ளை வாயைத் திறந்து அழுதுகொண்டிருக்கிறான், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எலும்பு வெள்ளையாகவும் காற்று கறுப்பாகவும் தெரியும் என்பதால், கழுத்தெலும்புகளின் மேல் செங்குத்தாக ஓடும் கறுப்புப் பட்டைதான் மூச்சுக்குழாய். நன்றாக இருக்கும் பிள்ளையில் அந்தப் பட்டை ஒரே அகலத்தில் மேலே வந்து, குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் தோள்பட்டை போல் வளைந்து சட்டென்று குறுகும். குரூப்பில் அந்தத் தோள்கள் கரைந்துபோகும். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழிருந்தே பட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, முனையாக முடியும். இதைத்தான் ஸ்டீப்பிள் சைன் என்று எழுதுவார்கள். நம் கடற்கரையில் கூரிய உச்சி வைத்துக் கட்டிய மாதா கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். இராமேஸ்வரம் கோயில் கோபுரத்தை நினைத்தால் கணக்குத் தப்பிவிடும். அதன் உச்சி அகலமாகத் தட்டையாக இருக்கிறதே, அப்படிப் பட்டை அகலமாக முடிந்தால் குரூப்பின் அடையாளம் அங்கே இல்லை என்று பொருள்.

உங்கள் பிள்ளையின் படத்தில் அந்தக் கூர்மை ஓரளவு இருக்கிறது. ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குரூப் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரின் படத்தில் இது தெரிவதே இல்லை. மறுபக்கம், ஒரு நோயும் இல்லாத பிள்ளை அழும்போதோ விழுங்கும்போதோ எடுத்த படத்திலும் அந்த இடம் ஒரு கணம் குறுகித் தெரியும். குரல்வளை மூடி (விழுங்கும்போது மூச்சுப் பாதையை மூடும் மடல்) வீங்கிய பிள்ளையிலும், சூடான ஆவியால் தொண்டை வெந்த பிள்ளையிலும், ஒவ்வாமை வீக்கத்திலும், பாக்டீரியாவால் மூச்சுக்குழாய் புண்ணான பிள்ளையிலும் இதே கூர்மையைக் காணலாம். கூர்மை இருப்பதால் குரூப் உறுதி என்றும் சொல்ல முடியாது, இல்லாததால் குரூப் இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்த லட்சணத்தில் இருக்கும் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவானேன்?

எனக்கு முன்பக்கப் படத்தைவிடப் பக்கவாட்டுப் படம்தான் முக்கியம். குரூப்பில் அதில் மூன்று விஷயம் பார்ப்பேன். தொண்டையின் அடிப்பகுதி காற்றால் உப்பியிருக்கும், பிள்ளை அடைப்பை மீறி மூச்சை வலித்து இழுப்பதால். குரல் நாண்களுக்குக் கீழே கறுப்பு தெளிவிழந்து மங்கலாக இருக்கும். குரல்வளை மூடி மெல்லியதாக, இயல்பாக இருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். அந்த மூடி கட்டைவிரல் போல் பருத்துத் தெரிந்தால் அது குரூப் இல்லை, எபிகிளாட்டைட்டிஸ் என்ற வேறு ஆபத்து. அப்போது படத்தைக் கீழே வைத்துவிட்டு மயக்க மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இதை முன்பு அதிகம் உண்டாக்கிய கிருமி ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயென்சா பி வகை. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசியில் இதற்கும் பாதுகாப்பு உண்டு. 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகள் அவை. உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் மூன்றும் பதிவாகியிருக்கின்றனவா என்று மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள். தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவுக்கும் அதே ஊசியில்தான் காப்பு இருக்கிறது. அந்த நோயிலும் குரல் கம்மி, மூச்சு அடைக்கும், ஆனால் தொண்டைக்குள் சாம்பல் நிறப் படலம் படியும், கழுத்து வீங்கும். அதை டார்ச் அடித்துப் பார்க்கும் கண்தான் கண்டுபிடிக்கும்.

பக்கவாட்டுப் படத்தில் நான் அளந்து பார்க்கும் இன்னொன்று, கழுத்தெலும்புக்கும் தொண்டையின் காற்றுக்கும் நடுவே உள்ள சதையின் தடிமன். இரண்டாம் கழுத்தெலும்பின் உயரத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேலோ, ஆறாம் எலும்பின் உயரத்தில் 14 மில்லிமீட்டருக்கு மேலோ போனால் தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம். பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் இருக்கும், கழுத்தைத் திருப்ப மாட்டான், விழுங்க மாட்டான். இங்கேயும் ஒரு பொறி உண்டு. தலை குனிந்த நிலையில், அழுது மூச்சை வெளியே விடும் நேரத்தில் படம் எடுத்தால் நல்ல பிள்ளையின் சதையும் தடித்தே தெரியும். அதனால்தான் அனுபவமுள்ள டெக்னீஷியன் அழுகையோடு அழுகையாகப் பொத்தானை அழுத்த மாட்டார். தாய் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்று உயர்த்தி, அடுத்த அழுகைக்காகப் பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும் அந்த நொடிக்காகக் காத்திருப்பார். அவசரத்தில் எடுத்த பத்துப் படத்தைவிட அப்படி எடுத்த ஒரு படம் மேல்.

அப்படியானால் எக்ஸ்ரே எப்போது வேண்டும்? குரூப்பின் கதையோடு பிள்ளையின் கதை ஒத்துப்போகாதபோது. நம் கடற்கரையில் இதற்கு முதல் காரணம், தொண்டைக்குள் போன பொருள். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரெனப் புரையேறி இருமத் தொடங்கினான் என்றால் குரூப் என்ற எண்ணத்தையே ஒதுக்கி வையுங்கள். நாணயம் படத்தில் பளிச்சென்று தெரியும். முன்பக்கப் படத்தில் முழு வட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் உணவுக்குழாயில் இருக்கிறது. அங்கிருந்தபடியே முன்னால் உள்ள மூச்சுக்குழாயை நெருக்கி ஸ்ட்ரைடரை உண்டாக்கவும் கூடும். அந்த வட்டத்தின் விளிம்புக்குள் இன்னொரு வளையம் தெரிந்தால் அது நாணயம் இல்லை, பொம்மையிலோ ரிமோட்டிலோ இருந்து விழுந்த பட்டன் பேட்டரி. 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அறிக்கை டைப் அடித்து வரும்வரை யாரும் காத்திருக்கக் கூடாது.

மீன் முள் விஷயத்தில் படம் அவ்வளவு நம்பகமில்லை. மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர் நம்முடையது. பிசைந்து ஊட்டும்போது ஒரு முள் தப்பிவிடுவது சகஜம். பல மீன்களின் மெல்லிய முட்கள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. 'படத்தில் ஒன்றுமில்லை' என்பதை 'முள் இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேர்க்கடலையும் புளியங்கொட்டையும் பிளாஸ்டிக் துண்டும் அதே ரகம்தான். அவை நுரையீரல் பக்கம் இறங்கியிருந்தால் பொருள் தெரியாது. மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுத்த நெஞ்சுப் படத்தில் ஒரு பக்க நுரையீரல் மட்டும் காற்று வெளியேறாமல் உப்பியிருப்பதைக் காணலாம். அதுவும் தெரியாமல் போகலாம். புரையேறியதைக் கண்ணால் பார்த்தவர் சொல்லும் வார்த்தைக்கு, சுத்தமாக வந்த படத்தைவிட மதிப்பு அதிகம்.

இந்த இடத்தில் தொக்கம் எடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைக்கு இருமலோ வாந்தியோ வந்தால், ஏதோ மாட்டியிருக்கிறது என்று ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போவதும், அவர் வாய்க்குள் விரலை விட்டோ குழல் வைத்து ஊதியோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டுவதும் தென்மாவட்டங்களில் இன்றும் நடக்கிறது. மூச்சு அடைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தொண்டைக்குள் விரல் போனால், மிச்சம் இருக்கும் இடுக்கும் அந்த நொடியே மூடிவிடலாம். மருத்துவமனையிலேயே, குரல்வளை மூடி வீங்கியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் நாக்கை அழுத்திப் பார்க்கத் தயங்குவார்கள். யார் வற்புறுத்தினாலும் விடாதீர்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். வெந்நீர் ஆவியும் வேண்டாம். அதனால் குரூப் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை, பிள்ளை வெந்துபோவதுதான் நடக்கிறது. குளிர்ந்த காற்றில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லும் ஆலோசனையை இணையத்தில் படித்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்தில் அதைச் சோதித்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது உண்மைதான். ஆனால் அது 10 டிகிரிக்கும் குறைவான குளிர். மார்கழி வாடையிலும் கீழக்கரைக்கு அந்தக் குளிர் வராது. கதவைத் திறந்து காற்றோட்டமாக வைத்திருங்கள், அது போதும்.

மூச்சுக்குத் திணறும் பிள்ளையை எக்ஸ்ரே அறைக்கு அனுப்புவதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கும் காரியம். கதிர்வீச்சு அல்ல என் கவலை. ஒரு கழுத்துப் படத்தில் அது மிகக் குறைவு. இருட்டான ஏசி அறை, முகம் தெரியாத ஆட்கள், கையைப் பிடிக்க ஒருவர், தலையைப் பிடிக்க ஒருவர். பிள்ளை அலறுவான். அலறும்போது மூச்சை வேகமாக இழுப்பான்; வேகமாக இழுக்க இழுக்க அந்த இடுக்கு இன்னும் ஒட்டிக்கொள்ளும். மல்லாக்கப் படுக்க வைத்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த அறையில் ஆக்சிஜனும் இருக்காது, மூச்சு விடத் தொண்டையில் குழாய் போடத் தெரிந்தவரும் இருக்க மாட்டார். நெஞ்சு உள்வாங்கும் பிள்ளைக்கு முதலில் மருந்து. படம் தேவை என்றே ஆனாலும் எக்ஸ்ரே பெட்டியைப் படுக்கைக்கு அருகில் கொண்டுவர வேண்டும், மருத்துவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மருந்து என்று பார்த்தால், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒரே ஒரு வேளை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.15 முதல் 0.6 மில்லிகிராம் வரை, வாய்வழியே. அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் பிள்ளைக்கு மாலையில் கொடுத்தது இதுவாகத்தான் இருக்கும். சில மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, வீக்கம் வடியும்வரை தாங்கும். ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதீர்கள், ஒரு வேளை மருந்தால் பிள்ளை ஊதிவிட மாட்டான். விலை மிகக் குறைவு. பாம்பன், தங்கச்சிமடம் போன்ற இடங்களிலிருந்து மாவட்டத் தலைநகருக்குக் கிளம்பும் முன், அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைக் கொடுத்து அனுப்ப முடிந்தால், வழியில் போகும் ஒரு மணி நேரமும் வீணாகாது. கடுமையாக இருந்தால் நெபுலைசரில் அட்ரினலின். நம் ஊரில் 'புகை வைத்தார்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்த மருந்து வைத்தார்கள் என்று கேளுங்கள். வீசிங்குக்கு வைக்கும் சால்பியூட்டமால் குரூப்புக்கு உதவாது. அட்ரினலின் சில நிமிடங்களில் கேட்கும், ஆனால் சுமார் 2 மணி நேரத்தில் அதன் வேகம் தீர்ந்துவிடும் என்பதால், சரியாகிவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் 3, 4 மணி நேரமாவது மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தேவையில்லை. இருமல் சிரப்பும் தேவையில்லை.

இன்றிரவு உங்கள் மனைவி கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். பிள்ளை அமைதியாக இருக்கும்போதே ஸ்ட்ரைடர் கேட்டால், கழுத்துக்குழியும் விலா இடுக்கும் உள்வாங்கினால், எச்சிலை விழுங்காமல் ஒழுகவிட்டுக்கொண்டு முன்னால் குனிந்தே உட்கார்ந்தால், உதடு நீலம் பாய்ந்தால், 108ஐ அழைத்து நேரே இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகட்டும். கத்திக்கொண்டிருந்த பிள்ளை திடீரென ஓய்ந்து, சத்தமும் குறைந்து, துவண்டு கிடந்தால் 'தூங்கிவிட்டான்' என்று விட்டுவிடக் கூடாது; மூச்சிழுக்கத் தெம்பில்லாமல் போனாலும் சத்தம் குறையும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் கடைசி வரை நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கலாம், அதை நம்பி உட்காராதீர்கள். போகும் வழியில் பிள்ளை உம்மாவின் மடியிலேயே, அவனுக்குப் பிடித்த வாக்கில் இருக்கட்டும்.

மறுபடி படம் எடுக்க வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த இருமல் இரண்டு நாளில் தணிந்துவிடும், மிச்சச் சளி ஒரு வாரம் இழுக்கலாம். படத்தில் கூர்மை மறைந்ததா என்று பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வேறு விசாரணை தேவைப்படும் பிள்ளைகள் உண்டு: 6 மாதம் நிரம்பும் முன்பே ஸ்ட்ரைடர் வந்தவர்கள், குறைமாதத்தில் பிறந்து தொண்டையில் குழாய் போடப்பட்டவர்கள், சளியே இல்லாமல் திரும்பத் திரும்பக் குரூப் வருகிறவர்கள், முன்பக்கப் படத்தில் சுருக்கம் ஒரு பக்கம் மட்டும் தெரிகிறவர்கள். ஒரு பக்கச் சுருக்கத்துக்கு அந்த இடத்தில் இருக்கும் ரத்தநாளக் கட்டி காரணமாக இருக்கலாம். இவர்களுக்கெல்லாம் காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமராக் குழாய் விட்டு நேரடியாகப் பார்க்க வேண்டும்; அதற்கு மதுரை போன்ற ஊர்களில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் பிள்ளையின் படத்தில் சுருக்கம் இரு பக்கமும் சமமாகவே இருக்கிறது. பிறந்ததிலிருந்து இதற்கு முன் எப்போதாவது, சளி இல்லாத நாளிலும், தூங்கும்போது இந்தக் கரகரப்பு கேட்டதுண்டா என்று மட்டும் மனைவியிடம் கேட்டு எழுதுங்கள்.